பெருந்தொற்று வந்தால் கட்சிச் சண்டையும் நாட்டுப் பகையும் நிற்குமா? நிஜமாகவே நின்றதுண்டா?

சந்தேகப்பிராணி கேட்டது:

வணக்கம். வீட்டில் ஆரம்பித்த சண்டை. அங்கே தீராததால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன்.

நானும் என் மச்சானும் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு கொரோனா வந்த 2020-க்குப் போனது. மச்சான் சொன்னார்: "ஒரு கிருமி வந்துவிட்டால் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். நாடுகளும் பகையை மறந்துவிட வேண்டும். கிருமிக்கு என்ன பாஸ்போர்ட்டா இருக்கிறது?" கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த பாஸ்போர்ட் வசனத்தை அன்று ஒரே மாலையில் மூன்று முறை சொன்னார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நடக்கிற கதையைப் பேசுங்கள் என்றேன் நான். முகக்கவசம் போட்டிருக்கிறானா இல்லையா என்பதை வைத்தே ஒருவன் எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்கலாம் என்ற நிலைமையைச் சில நாடுகளில் பார்த்தோம். தடுப்பூசி தயாராகும் முன்பே பணக்கார நாடுகள் தங்கள் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு டோஸுக்கு ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்டன. இதில் எங்கே ஒற்றுமை?

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒருவரையொருவர் நம்பாத நாடுகள் ஒரு நோய்க்காக உண்மையில் சேர்ந்து வேலை செய்ததுண்டா? மேடைப் பேச்சு வேண்டாம். எங்கே, எப்போது, எப்படி என்று சொல்லுங்கள். அடுத்தது, நோய்க் காலத்தில் எதிர்க்கட்சி வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் நல்லதா?

மச்சானும் இந்தத் திரியைப் படிப்பார். கொஞ்சம் தயவு வையுங்கள்.

---

நேர்ப்பேச்சு:

நடக்காது. நடந்த மாதிரித் தெரிந்தால் யாருக்கோ அதில் லாபம் இருந்திருக்கும். 1851-இலேயே காலராவுக்காகப் பாரிஸில் 12 நாடுகள் கூடின. ஒவ்வொரு நாடும் ஒரு மருத்துவரையும் ஒரு தூதரையும் அனுப்பியது. இருவருக்கும் தனித்தனி வாக்கு. ஒரே நாட்டு மருத்துவர் ஒரு பக்கமும் தூதர் எதிர்ப்பக்கமும் வாக்களித்த கூத்தெல்லாம் நடந்தது. ஆறு மாதம் பேசினார்கள். உருப்படியாக நடைமுறைக்கு வந்த முதல் உடன்படிக்கை 1892-இல், ஏழாவது மாநாட்டில்தான் வந்தது. இடையில் 41 வருடம். காலரா காத்துக்கொண்டிருந்ததா என்ன? கப்பல் வியாபாரம் கெட்டுப்போகும் என்று பிரிட்டன் தனிமைப்படுத்தலை எதிர்த்தது. மற்றவர்களுக்கு வேறு கணக்கு. இன்றும் அதே கதை, கப்பலுக்குப் பதில் விமானம்.

---

ஓய்வுபெற்ற லேப்காரன்:

சந்தேகப்பிராணி தம்பி, நான் முப்பது வருஷத்துக்கு மேல் வைரஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். பெரிய பதவி எதுவும் இல்லை. மாதிரி வந்தால் பிரிப்பது, பதிவது, செல் வளர்ப்பில் போட்டுப் பார்ப்பது, இவ்வளவுதான். ஆனால் உங்கள் முதல் கேள்விக்கான பதில் என் மேஜை வழியாகத்தான் தினமும் போனது.

நேர்ப்பேச்சு சொன்ன 1851 கதை உண்மை. "யாருக்கோ லாபம் இருந்திருக்கும்" என்பதும் உண்மை. அதனால் ஒத்துழைப்பு பொய் என்று ஆகிவிடாது. பெரியம்மைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள்.

1949-இல் உலக சுகாதார நிறுவனத்தை விட்டுக் கோபித்துக்கொண்டு போன சோவியத் ஒன்றியம், பிறகு திரும்பி வந்தது. வந்த வேகத்தில், 1958-இல், அந்த நாட்டின் துணை சுகாதார அமைச்சர் விக்டர் ஜ்தானோவ் அந்த நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவையில் எழுந்து, பெரியம்மையை உலகத்தை விட்டே ஒழிப்போம் என்று முன்மொழிந்தார். அந்த வருஷம் பேரவை எங்கே கூடியது தெரியுமா? அமெரிக்காவில், மினியாபொலிஸ் நகரத்தில். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். எதிராளியின் வீட்டு முற்றத்தில் நின்று பேசிய மனிதர், அமெரிக்காவின் பழைய ஜனாதிபதி ஜெபர்சன் 1806-இல், பெரியம்மைத் தடுப்பூசி கண்டுபிடித்த எட்வர்ட் ஜென்னருக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக் காட்டினார். பெரியம்மை என்ற ஒன்று இருந்தது என்பதை வருங்காலம் வரலாற்றில் படித்துத்தான் தெரிந்துகொள்ளும் என்கிற மாதிரி ஜெபர்சன் அதில் எழுதியிருந்தார். எதிரி வீட்டுப் பெரியவர் பெயரைச் சொல்லி எதிரியையே எழுந்து நிற்க வைக்கிற சாமர்த்தியம். இதில் அரசியலை யார் ஒதுக்கி வைத்தார்கள்? அரசியல் தெரிந்தவர் அதை நல்லபடியாகப் பயன்படுத்தினார்.

அதன்பின் சுமார் எட்டு வருஷம் வேலை மந்தமாகத்தான் போனது. 1966-இல் தனி நிதி கேட்டபோது பேரவையில் தீர்மானம் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் தப்பியது. திட்டத்துக்குத் தலைவராக டி. ஏ. ஹெண்டர்சன் என்ற அமெரிக்கரைப் போட்டார்கள். ஏன் அமெரிக்கர்? அப்போதைய தலைமை இயக்குநர் கேண்டாவுக்கு இது தேறும் என்ற நம்பிக்கை இல்லையாம். தோற்றால் பழி அமெரிக்கர் தலையில் விழட்டும் என்று நினைத்தாராம். இதை ஹெண்டர்சனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. மனித குலத்தின் மகத்தான வெற்றிக்கான நியமனம், "மாட்டிக்கொள்ளட்டும்" என்ற நினைப்பில் நடந்திருக்கிறது.

மருந்தில் பெரும் பங்கு சோவியத்திலிருந்து வந்தது. உறையவைத்து உலர்த்திய தடுப்பூசி, மொத்தம் 140 கோடி டோஸ் நன்கொடை. வெப்பம் தாங்கும் என்பதால் குளிர்பெட்டி இல்லாத ஊருக்கும் கொண்டுபோகலாம். குத்துவதற்கு அமெரிக்காவில் உருவான இருமுனை ஊசி. அதே பாட்டில் மருந்தில் நாலு மடங்கு பேருக்குப் போட முடிந்தது. 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்காவில் அலி மாவ் மாலின் என்ற மருத்துவமனைச் சமையல்காரருக்கு வந்ததுதான் இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை. அவர் பிழைத்தார். 1980 மே மாதம் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

இப்போது நான் சொல்ல வந்தது. இவர்கள் ஒருவரையொருவர் நம்பினார்களா? இல்லை. எல்லா நாட்டுத் தடுப்பூசியும் கனடாவிலும் நெதர்லாந்திலும் இருந்த இரண்டு ஆய்வுக்கூடங்களுக்குச் சோதனைக்குப் போனது. ஆரம்பத்தில் பெரும்பாலான மருந்து தரத்தில் தேறவே இல்லை. யார் மருந்து என்று முகம் பார்க்காமல் திருப்பினார்கள். ஒரு நாடு "எங்களிடம் இனி இல்லை" என்று சொன்னால் அதை அப்படியே ஏற்கவில்லை; கடைசி நோயாளிக்குப் பிறகு இரண்டு வருஷமாவது கழித்து வெளிநாட்டு நிபுணர் குழு நேரில் போய்த் தேடிப் பார்த்தது. போலியோவிலும் இதேதான். அமெரிக்கரான ஆல்பர்ட் சேபினின் சொட்டு மருந்து முதலில் மாபெரும் அளவில் சோதிக்கப்பட்டது சோவியத்தில், மிகயில் சுமாகோவ் கையால், 1959-இல். "ரஷ்யாக்காரன் கணக்கை எப்படி நம்புவது" என்று மேற்கில் முனகல் எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் டாரதி ஹார்ஸ்ட்மன் என்ற அமெரிக்க மருத்துவரை நேரில் அனுப்பியது. அவர் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேலை ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது என்று எழுதினார். முனகல் அடங்கியது.

மச்சான் சொல்வதுபோல் பகையை மறக்கத் தேவை இருக்கவில்லை. பகை அதுபாட்டுக்கு இருந்தது. ஒருவர் வேலையை மற்றவர் சரிபார்க்க ஒரு வழி வைத்துக்கொண்டார்கள்.

என் மேஜைக்கு வருகிறேன். ஒரு குழந்தைக்குத் திடீரென்று கால் தளர்ந்தால், போலியோவா என்று பார்க்க, 14 நாளுக்குள், ஒரு நாள் இடைவெளி விட்டு, இரண்டு மல மாதிரி எடுத்து ஐஸ் பெட்டியில் அனுப்புவார்கள். பெட்டியில் ஒரு எண் இருக்கும். அதில் நாடு, மாநிலம், மாவட்டம், வருஷம் எல்லாம் உண்டு. அந்தக் குழந்தையின் அப்பா எந்தக் கட்சி என்பதற்கு மட்டும் இடம் இல்லை. உலகம் முழுவதும் இதே முறை. ஆப்கானிஸ்தான் மாதிரிகள் பாகிஸ்தானில் உள்ள இஸ்லாமாபாத் ஆய்வுக்கூடத்துக்குத்தான் போகும். அந்த இரு நாட்டு உறவு எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி போகும், முடிவு வரும்.

எங்களுக்கும் பரீட்சை உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் குப்பிகள் வரும். கண்டுபிடித்து எழுதி அனுப்ப வேண்டும். ஒரு வருஷம் ஒரு குப்பியில் இரண்டு வகை வைரஸ் கலந்திருந்தது. நான் ஒன்றைத்தான் பிடித்தேன். என் கையெழுத்துப் போட்ட தாள் அது. மூன்று நாள் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஆனால் அந்தத் தோல்வியால்தான் என் அடுத்த வருஷத்து முடிவை வேறு நாட்டுக்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டான்.

கட்சி விஷயம் பிறகு எழுதுகிறேன். கை வலிக்கிறது.

---

சந்தேகப்பிராணி:

ஐயா, மிக்க நன்றி. "மாட்டிக்கொள்ளட்டும்" நியமனத்தை மச்சானிடம் சொன்னேன், ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். பெரியம்மை மெதுவாக நடந்த வேலை. அவசரம் என்று வரும்போது? 2021 மாதிரி?

---

மூன்றாம் வரிசை:

நான் சட்டம் படித்தவள், சுகாதார ஒப்பந்தங்கள் பக்கம் கொஞ்சம் பரிச்சயம். லேப்காரன் ஐயா சொன்னதோடு முரண்படவில்லை. ஆனால் சரிபார்ப்பு மட்டும் போதாது. கெட்ட செய்தியை முதலில் சொல்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்.

சார்ஸ் என்ற சுவாச நோய் வந்த 2003-க்குப் பிறகு, 2005-இல் சர்வதேச சுகாதார விதிமுறைகளைத் திருத்தி எழுதினார்கள். உலகளாவிய அவசரநிலை ஆகக்கூடிய ஒன்று என்று மதிப்பிட்டதும் 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். 196 தரப்புகள் கட்டுப்பட்டவை. தாளில் அருமை. 2021 நவம்பர் 24-இல் தென்னாப்பிரிக்கா கொரோனா வைரஸின் ஒரு புதிய உருமாற்றத்தைச் சொன்னது; இரண்டு நாளில் அதற்கு ஒமைக்ரான் என்று பெயர் வைத்தார்கள். சொன்ன நாட்டுக்குக் கிடைத்த பரிசு? தென்னாப்பிரிக்காவுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் விமானத் தடை. இத்தனைக்கும் நெதர்லாந்தில் அதே மாதம் 19-ஆம் தேதி எடுத்த மாதிரியிலேயே அந்த வைரஸ் இருந்தது பிறகு தெரியவந்தது. அடுத்த முறை சொல்லலாமா வேண்டாமா என்று ஓர் அதிகாரி இரண்டு நாள் யோசித்தால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்தோனேசியா இன்னும் முன்பே முறைத்தது. பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை அவர்கள் வழக்கம்போல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதை வைத்து வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தடுப்பூசி தயாரிக்கப்போகிறது, அதை நாம் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று தெரிந்ததும் சுகாதார அமைச்சர் சித்தி ஃபடிலா சுபாரி மாதிரிகளை நிறுத்திவிட்டார். 2007-இல் பெரிய கூச்சல். பொறுப்பில்லாதவர் என்று திட்டினார்கள். ஆனால் அந்த முரண்டால்தான் 2011-இல், வைரஸ் கொடுப்பவருக்கு மருந்தில் பங்கு என்ற கட்டமைப்பு இன்ஃப்ளூயன்சாவுக்கு மட்டுமாவது வந்தது.

2025 மே 20-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பெருந்தொற்று ஒப்பந்தத்திலும் இதே முடிச்சுதான். பங்கேற்கும் நிறுவனங்கள் பெருந்தொற்றுக் காலத்தில் தயாரிப்பதில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்வது இலக்கு, அதில் பாதியாவது நன்கொடை. எப்படி என்ற விவரம் மட்டும் தனி இணைப்பாக, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கப்பட்டது. 1851 ஞாபகம் வருகிறதா, நேர்ப்பேச்சு?

---

நேர்ப்பேச்சு:

வருகிறது. ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். இந்த முறை மூன்று வருஷத்தில் பாதியாவது முடித்திருக்கிறார்கள்.

---

ஓய்வுபெற்ற லேப்காரன்:

மூன்றாம் வரிசை அம்மா சொன்னது சத்தியம். பெரியம்மைக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்தார்கள்: 1978-இல், நிஜமான பெரியம்மை நோயாளி ஒருவரைக் காட்டிக்கொடுத்தால் 1,000 டாலர் பரிசு என்று அறிவித்தார்கள். சொன்னவனுக்கு அடி கிடையாது, காசு. கடைசிவரை யாரும் வாங்கவில்லை என்பது வேறு சந்தோஷம்.

போர்க்களத்திலேயே நடந்ததும் உண்டு. 1985-இல் எல் சால்வடோரில் உள்நாட்டுப் போர். யுனிசெஃபும் கத்தோலிக்கத் திருச்சபையும் நடுவில் நின்று பேசி, மூன்று நாள், ஒவ்வொன்றும் வெவ்வேறு மாதத்தில், துப்பாக்கியை இறக்க வைத்தார்கள். சுமார் 2,50,000 குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. மறுநாள் சண்டை தொடர்ந்தது. "சமாதானம் ஆகுங்கள்" என்று கேட்டிருந்தால் ஒரு குழந்தைக்கும் ஊசி விழுந்திருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டதால் கிடைத்தது.

இனி கட்சி. எதிர்க்கட்சி வாயை மூட வேண்டுமா என்றால், வேண்டாம் தம்பி. எல்லாரும் ஒரே குரலில் பேசினால் தப்பு நடக்காது என்று யார் சொன்னது? 1976-இல் அமெரிக்காவில் ஓர் இராணுவ முகாமில் பன்றிக் காய்ச்சல் கிளம்பி ஒரு சிப்பாய் இறந்தார். ஜனாதிபதி ஃபோர்டு, போலியோ தடுப்பு மருந்துகளைக் கண்டுபிடித்த, ஒருவருக்கொருவர் ஆகாத சால்க்கையும் சேபினையும் கூப்பிட்டு ஆலோசித்துவிட்டு, நாட்டுக்கே ஊசி என்று அறிவித்தார். தேர்தல் வருஷம், இருந்தும் எதிர்க்கட்சிப் பெரும்பான்மை இருந்த காங்கிரஸ் 13.5 கோடி டாலரை மளமளவென்று ஒதுக்கியது. நாலு கோடிப் பேருக்கு மேல் போட்டாயிற்று. கொள்ளைநோய் வரவே இல்லை. கியோன்-பாரே என்ற, கை கால் தளர்ந்துபோகிற நரம்பு நோய் சிலருக்கு வந்ததும் டிசம்பரில் நிறுத்தினார்கள். "தயாரித்துக் கையிருப்பில் வைப்போம், பரவினால் போடுவோம்" என்று இடையில் சேபினே சொல்லிப் பார்த்தார். வண்டி அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

நல்ல மாதிரி வேண்டுமென்றால் போர்ச்சுகல். 2020 மார்ச்சில் எதிர்க்கட்சித் தலைவர் ருய் ரியோ நாடாளுமன்றத்தில் பிரதமரைப் பார்த்து, எங்கள் ஒத்துழைப்பை எண்ணிக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தைரியமும் நல்ல அதிர்ஷ்டமும் கிடைக்கட்டும், உங்கள் அதிர்ஷ்டம்தான் எங்கள் அதிர்ஷ்டம் என்றார். அதனால் அவர் கட்சியைக் கலைத்துவிடவில்லை. பிற்பாடு தேர்தலில் அதே பிரதமரை எதிர்த்து நின்று தோற்றார்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊர் பேர் வேண்டாம். பெருந்தொற்று முதல் வருஷம், எங்கள் முடிவுகளைத் தொகுத்து தினமும் மாலை ஆறு மணிக்கு ஓர் எண் வெளியாகும். ஆனால் ஐந்தரைக்கே ஆளும் தரப்பு அலுவலகத்திலிருந்து போன் வரும், "இன்று எவ்வளவு?" எதிர்த்தரப்புக்கு ஆறு மணிக்குத்தான் தெரியும். ஆகவே அந்த அரை மணி நேரத்தில் எண்ணைக் குறைத்துவிட்டார்கள் என்று தினமும் சண்டை. நாங்கள் குறைக்கவில்லை. ஆனால் அரை மணி இடைவெளி இருந்ததே, அதற்கு என்ன பதில் சொல்வது? மறுநாள் நாங்கள் ஒரு பிழையைத் திருத்தினாலும் "பார்த்தீர்களா" என்பார்கள்.

புதிதாக வந்த ஓர் இளம் அதிகாரி, வயது முப்பதைத் தாண்டியிருக்காது, இரண்டே காரியம் செய்தாள். ஒரே தாள், ஒரே நிமிஷத்தில், இரண்டு தரப்புக்கும். தாளின் அடியில் புதிதாக ஒரு கட்டம்: "நேற்றைய எண்ணில் திருத்தம்." திருத்தம் இல்லாத நாளில் அதில் பூஜ்யம் போடுவோம், காலியாக விடக்கூடாது என்பது அவள் கட்டளை. முதல் நாள் போன் வந்தது, "மேடம் ஆறு மணிக்கு அனுப்புவார்" என்று சொல்லி வைத்தேன். எதிர்முனையில் கேட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது.

பத்துப் பதினைந்து நாளில் சண்டை தலைப்பு மாற்றிக்கொண்டது. எண் பொய் என்பது போய், இத்தனை பேருக்கு நோய் என்றால் ஏன் ஆக்ஸிஜன் படுக்கை கூடவில்லை என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. சரியான கேள்வி. அந்தக் கேள்வியால் படுக்கை கூடவும் செய்தது. அவர்கள் வாயை மூடியிருந்தால் கூடியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

---

மூன்றாம் வரிசை:

அந்தப் பூஜ்யம் போடுகிற கட்டம், ஐயா. நான் படித்த எந்த ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு ஷரத்து இல்லை. அந்த அதிகாரி இப்போது எங்கே?

---

ஓய்வுபெற்ற லேப்காரன்:

இடமாற்றம். நோய் அடங்கியபின் வேறு துறை. அந்தக் கட்டம் மட்டும் அந்தப் படிவத்தில் இன்னும் இருக்கிறது என்று பழைய சகா ஒருவர் சொன்னார்.

---

சந்தேகப்பிராணி:

எல்லாருக்கும் நன்றி. முழுவதையும் மச்சானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். எல் சால்வடோர் இடத்தில் நிறுத்தி, "பார்த்தாயா, நான் சொன்னதுதானே" என்றார். 1976 இடத்தில் நான் அதையே சொன்னேன். இரண்டு பேரும் ஜெயித்துவிட்டோம் போலிருக்கிறது. இப்போது எங்கள் வீட்டுச் செலவுக் கணக்கு நோட்டில் "நேற்றைய எண்ணில் திருத்தம்" என்று அக்கா ஒரு கட்டம் போட்டிருக்கிறாள். மச்சான் முகம் சரியில்லை.